வானத்தில் வரிசை

எந்த ஊர் விமான நிலையம் என்று கேட்காதீர்கள். சொன்னால் என் மேல் வழக்குப் போட ஆள் இருக்கிறது. விமானக் கம்பெனியின் பெயரும் வேண்டாம். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

எங்கள் ஐயாவின் பெயர் அம்பலவாணர். தென்காசிப் பக்கம் ஒரு தோப்பில் இருக்கிறார். அவரிடம் பாடம் கேட்டுக்கொண்டு நாங்கள் ஏழெட்டுப் பேர் அங்கேயே கிடக்கிறோம். நான் சமையல். ஐயாவுக்கு ஐம்பது வயதுதான். சீடர்களில் மூத்தவரான பெருந்தேவியம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் அதற்குள் கிடக்கும் குரலைப் பிரித்து எடுத்துவிடுவார். கோபம் சட்டென்று வரும். வந்தால் யார் எவர் என்று பார்க்க மாட்டார், ஐயாவையே மடக்குவார். அதற்காகத்தான் ஐயா அவரைப் பக்கத்தில் வைத்திருக்கிறார் என்று எங்களுக்குள் பேச்சு.

ஒரு மந்திரி தன் ஊரில் தியான மண்டபம் கட்டினார். ஐயாதான் திறந்துவைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தன்னுடைய சின்ன விமானத்திலேயே வந்து ஐயாவை அழைத்துப்போனார். அதில் இடம் கொஞ்சம். அதனால் பெருந்தேவியம்மா எல்லோரும் போகிற விமானத்தில் தனியாக வந்தார். நான் பாத்திரம் பண்டங்களோடு முதல்நாளே ரயிலில் போய்விட்டேன்.

அம்மாவுக்குப் பக்கத்து இருக்கையில் அருளப்பன் என்று ஒருவர். ராமநாதபுரம் கடற்கரைக்காரர். மஸ்கட்டில் டைல்ஸ் ஒட்டுகிற வேலை. மனைவிக்கு ஆபரேஷன் என்று ஊருக்கு வந்தவர். புண் ஆறாமல் இழுத்துக்கொண்டே போனதில் ஆறு மாதம் ஆகப்போகிறது. அன்றைக்கு ராத்திரிக்குள் அந்த நாட்டில் கால் வைக்காவிட்டால் விசா செத்துப்போகும், வேலையும் அதோடு போகும். இந்த விமானம் நேரத்துக்கு இறங்கினால்தான் மஸ்கட் விமானத்தைப் பிடிக்க முடியும். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே இதையெல்லாம் அம்மாவிடம் சொல்லிவிட்டார். பாஸ்போர்ட்டைப் பையில் வைக்கப் பயந்துகொண்டு கையிலேயே பிடித்திருந்தாராம்.

அந்தக் கம்பெனி விமானத்தில் ஒரு வசதி உண்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் பாட்டுக் கேட்கலாம், படம் பார்க்கலாம். இன்னொரு எண்ணை அழுத்தினால், விமானியும் கீழே கண்ட்ரோல் டவரில் இருப்பவரும் பேசிக்கொள்வதை அப்படியே கேட்கலாம். அம்மா வேறு எதைக் கேட்பார்? அதைத்தான் கேட்டார். யார் எந்த உயரத்தில் வர வேண்டும், யாருக்குப் பின்னால் யார் என்று கீழேயிருந்து ஒருவர் சொல்ல, ஒவ்வொரு விமானியும் அதைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் போகிறார். சண்டை இல்லை, இடித்துக்கொண்டு முன்னால் போவது இல்லை. மேலேயாவது மனிதர்கள் ஒழுங்காக இருக்கிறார்களே என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

அருளப்பனுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அதனால் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நமக்கு முன்னால் மூன்று விமானம் இருக்கிறது, இப்போது இரண்டு, இப்போது ஒன்று என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்தது நாம்தான் என்றதும் அருளப்பன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் டவர்க்காரரின் குரல் மாறியது. இவர்களுடைய விமானியிடம், இறங்க வேண்டாம், மேலேயே வட்டம் போட்டுக்கொண்டிரு என்றார். முக்கியமான ஒருவர் வருகிறாராம். பாதை தெளிவாகத் தெரிகிறது, இறங்கத் தயாராக இருக்கிறேன், அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று விமானி சொல்லிப் பார்த்தார். "புரிகிறது, காத்திருங்கள்" என்பதுதான் பதில். விமானி அதற்குமேல் வாதாடவில்லை. காத்திருக்கிறோம் என்று திருப்பிச் சொன்னார். பிறகு மைக்கைத் திறந்து, மேலே கொஞ்சம் நெரிசல், சிறிது தாமதமாகும் என்று பயணிகளுக்கு அறிவித்தார். நெரிசலாம்!

அதற்குப் பிறகு ஹெட்போனில் ஒரு புதுக் குரல் வந்தது. பின்னால் வெகு தூரத்தில் வந்துகொண்டிருந்த ஒரு சின்ன விமானத்தின் விமானி. மந்திரியோடு சுவாமி அம்பலவாணரும் எங்கள் விமானத்தில் இருக்கிறார் என்று பெருமையாகச் சொன்னார். டவர்க்காரர் குழைந்துபோய், சுவாமிக்கு எங்கள் வணக்கம், வானம் முழுக்க உங்களுக்குத்தான், நேராக வாருங்கள் என்றார்.

அம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே அதே ஏரி மறுபடி மறுபடி வந்துகொண்டிருந்தது. அருளப்பன் கடிகாரத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். இவ்வளவு நேரம் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டு வந்தவர், இப்போது எப்படி மறைப்பது? ஒரு மந்திரியும் ஒரு சாமியாரும் இறங்குகிறார்களாம், அந்தச் சாமியார் என்னுடைய குரு என்று சொல்லிவிட்டார்.

திட்டுவார் என்று அம்மா எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பின்னால் என்னிடம் சொன்னார். அந்த மனிதர் கோபமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டார்.

"நல்ல சாமிதானாம்மா?"



ஒருவழியாக இறங்கினார்கள். அருளப்பன் ஓட, அம்மாவும் பின்னாலேயே ஓடினார். மஸ்கட் கவுண்டரை மூடிவிட்டார்கள். அங்கே நின்ற பெண் சிரித்த முகம் மாறாமல் ஸாரி ஸாரி என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த விமானம் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தது. சாயங்காலம் ஒரு விமானம் இருக்கிறது, ஆனால் நிரம்பிவிட்டது என்றார்கள். டிக்கெட் இல்லாதவர் உள்ளே இருக்கக் கூடாது என்று காவலர் அவரை வெளியே அனுப்பிவிட்டார். கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டியோடு வாசலில் ஒரு தூணோரமாக உட்கார்ந்துவிட்டார்.

மந்திரியின் விருந்தினர் மாளிகையில் நான் அப்போது ஐயாவுக்குச் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் ஐயாவை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுயர ரோஜா மாலை போட்டிருந்தார்கள். பெருந்தேவியம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்குள் வந்தார். யாரோ தடுத்தார்கள். அந்தக் கையைத் தள்ளிவிட்டு ஐயாவுக்கு நேரே போய் நின்றார்.

"வானத்தில் வரிசை உண்டா, இல்லையா ஐயா?"

என்ன நடந்தது என்று ஐயா கேட்டார். அம்மா எல்லாவற்றையும் சொன்னார். ஏரியைச் சுற்றியது, மனைவியின் ஆறாத புண், கவுண்டர்ப் பெண்ணின் சிரிப்பு, ஒன்றையும் விடவில்லை. மந்திரி நடுவில் புகுந்து, இதெல்லாம் சகஜம், ஐயாவுக்கு ஒன்றும் தெரியாது, அவர் கண்ணை மூடித் தியானத்தில் இருந்தார் என்றார்.

"கண்ணைத்தான் மூடியிருந்தேன்" என்றார் ஐயா. "காதில் நீங்கள்தானே அதை மாட்டிவிட்டீர்கள்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஐயாவுக்காக வானத்தையே ஒதுக்குகிறார்கள், கேளுங்கள் என்று சொல்லி, மந்திரி தன் விமானத்தில் ஹெட்போனைக் கொடுத்திருக்கிறார். அம்மா கேட்ட அதே பேச்சை ஐயாவும் கேட்டிருக்கிறார். இங்கிலீஷ் தெரியாது என்று சொல்லித் தப்பவும் முடியாது. தோப்புக்கு வருவதற்கு முன்னால் அவர் காலேஜில் வாத்தியார்.

அம்மா இன்னும் நெருங்கிப் போனார். "நீங்களும் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன கேட்டுது?"

"என் பேர் கேட்டுது. வேற எதுவும் காதில விழலை" என்றார்.

அம்மா கீழே பார்த்தபடி நின்றார். அவர் ஐயாவிடம் வந்து இத்தனை காலத்தில் அப்படித் தலை குனிந்து நான் பார்த்ததில்லை. இவரை நம்பித்தானே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோம்.

மந்திரி கெட்டிக்காரர். இதற்கா இவ்வளவு, ஒரு போன் போட்டால் முடிந்தது, சாயங்கால விமானத்தில் அந்த ஆளை ஏற்றிவிடலாம் என்றார். அது நிரம்பிவிட்டதாமே என்று ஐயா கேட்டார். ஒருத்தரை இறக்கிவிட்டால் இடம் வந்துவிடும் என்றார் மந்திரி.

"யாரை இறக்குவீங்க?"

"யாரோ ஒருத்தரை."

"காலையில அருளப்பனும் யாரோ ஒருத்தர்தானே" என்றார் ஐயா. பிறகு, அடுத்தவர் இடம் வேண்டாம், உங்கள் விமானம் சும்மாதானே நிற்கிறது, அதில் அனுப்பிவையுங்கள் என்றார். மந்திரி முதலில் சிரித்தார். ஐயா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் காரணங்கள் வந்தன. வெளிநாட்டு அனுமதி வேண்டும், விமானிக்கு ஓய்வு வேண்டும், நாளைக் காலையில் அவருடைய சம்பந்தி வேறு போக வேண்டும். காலையில் வானத்தையே ஒதுக்கத் தெரிந்தவருக்கு இதற்கு மட்டும் அனுமதி வேண்டுமாம்.

ஐயா மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். நடந்து வெளியே வந்தார். மண்டபம் திறக்க நேரமாகிவிட்டது, ஜனங்கள் காத்திருக்கிறார்கள் என்று பின்னால் நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அம்மா ஏற்கெனவே ஒரு ஆட்டோவை நிறுத்தியிருந்தார். மூன்று பேரும் நெருக்கி உட்கார்ந்தோம்.

அம்மாவுக்கு ஆறவில்லை. ஆட்டோவிலும் விடவில்லை.

"ஒரு போன் போட்டிருந்தா அவருக்கு வேலையாவது மிஞ்சியிருக்கும். உங்க மனசு சுத்தமா இருக்கணும்னு அவர் வயித்துல அடிச்சிட்டீங்களே ஐயா."

அம்மா சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்தவர் இடம் வேண்டாம் என்று ஐயா சொன்னதும் நியாயம்தான். இரண்டுக்கும் நடுவில் அங்கே தூணோரம் ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

பாதி வழியில் போலீஸ் நிறுத்திவிட்டது. கயிறு கட்டிச் சாலையை மறித்து நின்றார்கள். ஒரு ஆம்புலன்ஸ் கூடக் கத்திக்கொண்டே எங்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. வெயில் ஆட்டோவுக்குள் வந்து விழுந்தது. ஐயா வேட்டி முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெகு நேரம் கழித்து எதிரே சைரன் வைத்த கார்கள் வரிசையாகப் பறந்து போயின.

ஆட்டோக்காரர் எரிச்சலோடு வெளியே துப்பினார். யார் போகிறார்கள் என்று அம்மா கேட்டார்.

"எவனோ சாமியாராம்மா. மண்டபம் தொறக்கப் போறானாம். அதுக்குத்தான் நம்மளை இப்படிப் போட்டு வாட்டுறானுங்க."

அந்தக் கார்களில் சாமியார் இல்லை. ஐயா இல்லாவிட்டாலும் ஐயாவுக்காகப் போட்ட பந்தோபஸ்து தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அம்மா ஐயாவின் முகத்தைப் பார்த்தார். ஆட்டோக்காரர் சொன்னதை ஐயா முழுவதும் கேட்டார். இந்தத் தடவை அதில் பெயர் இல்லை.

விமான நிலையத்தில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சாயங்கால விமானம் தலைக்கு மேலே ஏறிப் போனது. அதுதானா என்று அம்மா வாசல் காவலரிடம் கேட்டார். ஆமாம், மஸ்கட்தான் என்றார் அவர்.

"அவர்கிட்ட இப்ப என்ன சொல்லப் போறீங்க?" என்று அம்மா கேட்டார். "மன்னிப்புக் கேக்கப் போறீங்களா, ஆசீர்வாதம் பண்ணப் போறீங்களா?"



அருளப்பன் அதே தூணோரம்தான் இருந்தார். அட்டைப்பெட்டியில் ஒரு மூலை கிழிந்து, கருவாட்டு வாசம் வந்துகொண்டிருந்தது. மஸ்கட்டில் அவரோடு தங்கியிருக்கிறவர்களுக்காகக் கொண்டுபோனது. பாஸ்போர்ட் இன்னும் கையிலேதான் இருந்தது. அம்மாவைப் பார்த்ததும் எழுந்தார். மஸ்கட்டுக்குப் போன் பேசிவிட்டதாகவும், இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள் என்றும், மனைவிக்கு இன்னும் சொல்லவில்லை என்றும் சொன்னார். அம்மாவுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இதோ, இவர்தான் எங்கள் ஐயா என்று சொல்லத் திரும்பினார்.

ஐயா கையைக் காட்டி அம்மாவை நிறுத்தினார். வெறுந்தரையில், பெட்டிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்.

அருளப்பன் அவரையும் காவி வேட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க யாருங்கய்யா?"

"உங்களுக்கு முன்னால இறங்கினவன்" என்றார் ஐயா.