தாழைத்தீவு எலி ஏன் ஓடுவதில்லை

அந்தக் காலத்தில், எலியும் மனிதரும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தபோது, நடுக்கடலில் தாழைத்தீவு என்றொரு தீவு இருந்தது. அங்கே பாம்பு கிடையாது, பூனை கிடையாது, பருந்துகூட வராது. தாழம்புதர்களில் பழுப்பு எலிகள் குடியிருந்தன. ஆண்டுக்கு ஒரு பிள்ளைதான் பெறும். தங்களைத் தின்ன வரும் எதையும் அவை கண்டதில்லை. அதனால் அவற்றுக்கு ஓடத் தெரியாது.

கடற்பாசி அள்ளும் பருவத்தில் உலகாயி என்பவள் கரையிலிருந்து வத்தைப் படகில் துடுப்புப் போட்டு வந்து, தீவில் குடிசை கட்டித் தங்குவாள். எலிகள் அவள் மடியில் ஏறிச் சோற்றுப் பருக்கை தின்னும். அவற்றில் தாழைச்சி என்ற பெண் எலிக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

ஒரு பருவத்தில் உலகாயி கொண்டுவந்த அரிசிச் சாக்குக்குள் கரை எலி ஒன்று சினையாக இருந்தது. குடிசை மூலையில் வைத்த அந்தச் சாக்கிலேயே கூட்டமாகக் குட்டி போட்டது. நிறமும் உருவமும் தீவு எலிகளைப் போலவே இருந்தன. விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று தீவு எலிகள் தாழம்பழம் கொண்டுவந்து கொடுத்தன.

குட்டிகள் வளர்ந்தன. தீவு எலிகளின் பிள்ளைகள் காணாமல் போகத் தொடங்கின.

"அக்கா, என் பிள்ளையப் பார்த்தியா?" என்று தாழைச்சி வந்து கேட்டாள்.

"இல்லையே. புதருக்குள்ள தேடினியா?"

"தேடிட்டேன். அடுத்த புதர்ப் பிள்ளையும் இல்ல. எங்க போகும்? கடலுக்குள்ள போயிருக்குமா?"

உலகாயிக்கும் புரியவில்லை. பருந்து ஏதும் வருகிறதா என்று வானத்தைப் பார்த்தாள். தெரியாமல் பிள்ளைகள் மேல் கொட்டிவிட்டோமோ என்று பாசிக் குவியல்களைக் கலைத்துப் பார்த்தாள். தன் காலடியின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது.

ஒரு மத்தியானம் அரிசி எடுக்கப் போனபோது, சாக்கு ஓரத்தில் கரை எலி எதையோ கொறித்துக்கொண்டிருந்தது.

"என்ன தின்னுற?"

"இந்த ஊர்ப் பிள்ளை" என்றது அது, ஒளிக்காமல். "கிட்டப் போனேன். நகரவே இல்ல. நகராததைத் தின்னக் கூடாதுன்னு இங்க உண்டா?"

உலகாயி அரிசி எடுக்காமலே வெளியே வந்தாள். தின்றதன் மேல் குற்றமா, சுமந்து வந்த தன்மேல் குற்றமா? திருப்பி அனுப்பலாம் என்றால் யார் எவர் என்று தெரியவில்லை. கண்ணில் பட்ட எலிகளையெல்லாம் நிறுத்தி "நீ எந்த ஊரு?" என்று கேட்டாள். எல்லாமே "இங்கதான் பொறந்தோம்" என்றன. அதுவும் உண்மைதான்.

தாழைச்சியிடம் நடந்ததைச் சொன்னாள். "இனிமே யாராவது கிட்ட வந்தா ஓடணும்."

"ஓடுறதுன்னா?"

"காலை வேகமா எடுத்து வச்சு விலகிப் போறது."

தாழைச்சி தன் காலைக் குனிந்து பார்த்தாள். "இப்பல்லாம் நிழல் ஆடினாலே என் கால் தானாத் துள்ளுது அக்கா. அதுவா?"

உலகாயி அதைக் காதில் வாங்கவில்லை. அவளுக்கு ஒரு வழி தோன்றியிருந்தது.

மறுநாள் மாலை முற்றத்தில் அரிசியை இறைத்து எல்லா எலிகளையும் கூப்பிட்டாள். சாக்கின் வாயைத் திறந்து வைத்தாள். கூட்டம் கூடியதும் செம்புப் பானையை ஓங்கித் தட்டினாள். கரை எலிகள் தலைதெறிக்க ஓடி, தங்களுக்குப் பழகிய சாக்குக்குள் புகுந்தன. தீவு எலிகள் என்ன சத்தம் என்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டு நின்றன. அவள் சாக்கைக் கட்டி வத்தையில் ஏற்றினாள்.

பாதி வழியில் சாக்குக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. "அக்கா, நாம எங்க போறோம்?"

துடுப்பு நின்றது. "தாழைச்சியா?"

உடனே எல்லாமே "அக்கா, அக்கா" என்று கத்தின. சாக்கில் பிறந்தவையும் அவளை அப்படிக் கூப்பிடத்தான் கற்றிருந்தன. அவிழ்த்தால் எல்லாம் வெளியே வந்துவிடும். அவிழ்க்காவிட்டால்? வத்தை அலையில் ஆடியபடி கிடந்தது. கடைசியில் அவள் கரையை நோக்கியே துடுப்புப் போட்டாள்.

கரை மணலில் சாக்கை அவிழ்த்து, "தாழைச்சி, நில்லு" என்றாள். எல்லாம் ஓடின. ஒன்றுகூட நிற்கவில்லை.

தீவுக்குத் திரும்பியபோது தாழைச்சியின் புதர் காலியாக இருந்தது.

"தாழைச்சி எங்க அக்கா?" என்று மற்ற எலிகள் கேட்டன.

"தெரியல" என்றாள். பொய்யில்லை. ஆனாலும் அவளால் அவற்றின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தண்ணீரில் இறங்கி வெறும் சாக்கைப் புரட்டிப் புரட்டி உதறினாள்.

அன்று முதல்தான் தாழைத்தீவுக்கு வருகிறவர்கள் சாக்கையும் கூடையையும் தண்ணீரிலேயே உதறிவிட்டு மணலில் கால் வைக்கிறார்கள். ஓடக் கற்றுக்கொண்ட ஒருத்தியும் போய்விட்டதால், அங்கே மிஞ்சிய எலிகள் இன்றைக்கும் ஆள் கிட்டே போனாலும் ஓடாமல், முகத்தை நிமிர்த்தி எதையோ கேட்பதுபோல நிற்கின்றன.