முதல் பங்குக்குத் திரும்பிய ஆமை

ஒரு கானாங்கோழிக்கு எல்லார் மேலும் சந்தேகம். தவளை கத்தினால் சந்தேகம். கத்தாவிட்டால் அதைவிடப் பெரிய சந்தேகம்! பாவம், அதைக் குறை சொல்லவும் முடியாது. இரண்டு தடவை அதன் முட்டைகள் களவு போயிருந்தன. மூன்றாம் தடவையாக ஐந்து முட்டை இட்டு, குளக்கரைத் தாழம்புதரின் முள்ளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தது.

குளத்தை ஒட்டி யூதர்களின் ஜெப ஆலயம் இருந்தது. அதன் வராந்தாவில் எலியாகு, நப்தலி என்று இரண்டு கிழவர்கள் தினமும் உட்காருவார்கள். இருவருக்கும் எண்பது தாண்டிவிட்டது. நடுவில் ஒரு புத்தகத்தை விரித்து வைத்து, விரலை நீட்டி நீட்டிச் சண்டை போடுவார்கள். அப்புறம் கைகோத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

"சண்டை போட்டவர்கள் கைகோத்துப் போவார்களா? இதில் ஏதோ இருக்கிறது!" என்று கானாங்கோழி முணுமுணுக்கும்.

அதைவிடப் பெரிய சந்தேகம் ஆமை மேல். நூறு வயது ஆமை! அதுவும் ஒரு நண்டும் சேர்ந்து குளக்கரையை ஏழு பங்காகப் பிரித்திருந்தன. ஒரு நாளைக்கு ஒரு பங்கு. ஒவ்வொரு புல்லையும் கல்லையும் பார்ப்பதும், "இது ஏன் இப்படி?" என்று கேட்பதும், அதற்கு ஒரு சண்டை போடுவதுமாகச் சுற்றி வந்தன. அந்த முதல் பங்கில்தான் தாழம்புதர் இருந்தது.

ஒருநாள் காலை கீரி வந்தது. முள்ளுக்கு வெளியே நின்று, குழைந்து குழைந்து பேசியது.

"அக்கா, உன் நல்லதுக்குச் சொல்கிறேன். நூறு வருஷம் பார்த்த கரையை ஆமை ஏன் மறுபடி மறுபடி பார்க்கிறது? உன் முட்டைக்கு நாள் பார்க்கிறது! இன்றைக்கு ஏழாம் பங்கு. போய் ஒளிந்திருந்து கேள், குட்டு வெளிப்படும்!"

"நான் போனதும் நீ இங்கே வருவாயோ?"

"ஐயையோ! இந்த முள்ளில் நான் எப்படி நுழைவேன்? தோலே உரிந்துவிடும்!"

அது சரிதான் என்று கானாங்கோழிக்குப் பட்டது. முட்டைகளை இலையால் மூடிவிட்டு எதிர்க்கரைக்கு ஓடியது.

அங்கே ஆமையும் நண்டும் கடைசிக் கல்லைப் பார்த்து முடித்தன. உடனே ஒரே ஆட்டம்! நண்டு கொடுக்கைத் தூக்கிக்கொண்டு குதித்தது. ஆமைகூட இரண்டு சுற்றுச் சுற்றியது.

"முடிந்தது! வா, முதல் பங்குக்குப் போவோம்!" என்றது ஆமை.

கானாங்கோழி கோரைக்குள்ளிருந்து பாய்ந்தது. "திருடர்களா! முடிந்துவிட்டது என்றால் முடங்கிக் கிட! முதல் பங்கில் உனக்கு என்ன வேலை?"

ஆமை கோபப்படவில்லை. "ஜெப ஆலயத்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாயா? யூதர்கள் தங்கள் வேதமான தோராவை வாரம் ஒரு பகுதியாகப் படிப்பார்கள். கடைசிப் பகுதியை முடிக்கும் நாளில் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். அன்றைக்கே முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கிவிடுவார்கள். எலியாகுவுக்கும் நப்தலிக்கும் இந்த வயதிலும் அதிலிருந்து விடுப்பு இல்லை. அவர்கள் சண்டை போடுவதும் அந்தப் பாடத்தைப் பற்றித்தான். நாங்கள் அவர்களிடம் கற்றுக்கொண்டோம்."

"நூறு வயதில் படிப்பாம், படிப்பு! யாரிடம் கதை விடுகிறாய்? நானும் வருகிறேன். என் கண் உன்மேலேயே இருக்கும்!"

மூன்றும் தாழம்புதருக்கு வந்தன. ஆமை கழுத்தை நீட்டியது.

"இங்கே புல் ஏன் சாய்ந்திருக்கிறது?"

"காற்று," என்றது நண்டு.

"காற்றென்றால் எல்லாப் புல்லும் அல்லவா சாயும்?"

"அப்படியானால் உன் ஓடுதான் அழுத்தியிருக்கும்!"

"நான் வந்து ஆறு நாள் ஆயிற்று. போன சுற்றில் புல் நேராகத்தான் நின்றது."

நண்டு விடவில்லை. புல்லை விலக்கி, அடி மண்ணைக் கிளறியது. அப்போதுதான் பறித்துப் போட்ட ஈர மண். அடியில் ஒரு வளை! முள்ளுக்குக் கீழே நேராகக் கூட்டை நோக்கிப் போயிற்று. உள்ளே பரபரவென்று மண் பறிக்கும் சத்தம் கேட்டது.

கானாங்கோழி அலறியது. "ஐயோ, என் முட்டைகள்!"

நண்டு வளைக்குள் விறுவிறுவென்று இறங்கியது. மறுநொடி, "ஐயோ! என் வால்! விடு, விடு!" என்று அலறிக்கொண்டு கீரி பின்பக்கமாகவே வெளியே வந்தது. கானாங்கோழி அதன் தலையில் ஓங்கி ஓங்கிக் கொத்தியது. கீரி தலை தெறிக்க ஓடிவிட்டது.

கானாங்கோழி முள்ளுக்குள் புகுந்து இலையை விலக்கியது. ஐந்து முட்டையும் பத்திரமாக இருந்தன. வளை கூட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றிருந்தது. கானாங்கோழிக்கு அழுகை வந்துவிட்டது.

"உன்னையா நான் திருடன் என்றேன்! நூறு வருஷம் பார்த்தாயிற்று, போதும் என்று நீ இருந்திருந்தால்..."

"நூறு வருஷம் பார்த்தேன்தான். ஆனால் இந்த வளையை இன்றைக்குத்தானே பார்த்தேன்!" என்றது ஆமை.

குஞ்சுகள் பொரித்த பிறகு கானாங்கோழியும் அவற்றோடு தினம் கரையைச் சுற்றியது. சந்தேகம் மட்டும் போகவில்லை. இப்போது அதை வாய்விட்டுக் கேட்டது. நண்டுக்குச் சண்டை போட இன்னொரு ஆள் கிடைத்தது.

படித்து முடித்துவிட்டோம் என்று எந்த வயதிலும் உட்கார்ந்துவிடக் கூடாது. முடித்த அன்றைக்கே மறுபடி தொடங்குகிறவரைத்தான் கல்வி காப்பாற்றும்.