சாய்ந்தமங்கலத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ்

சாய்ந்தமங்கலத்துக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் ஒன்று விட்டுப்போகும். விட்டுப்போனது தலைநகரத்துக்கு லாபமாகிவிடும்.

முதலாவது: தலைநகரத்தில் பூமிக்கு அடியில் ரயில் விட்டார்கள். சாய்ந்தமங்கலத்துக்கு அந்த ரயிலின் படம் போட்ட காலண்டர் வந்தது.

இரண்டாவது: சாய்ந்தமங்கலத்தை மாநகராட்சி ஆக்கினார்கள். வீட்டு வரி அன்றைக்கே மாநகர வரி ஆயிற்று. பஸ் மட்டும் கிராமத்து பஸ்ஸாகவே இருந்துவிட்டது.

மூன்றாவது: அந்த பஸ்ஸும் புதியதல்ல. தலைநகரத்தில் ஓடிக் களைத்து, இனி ஓடமாட்டேன் என்று படுத்த பிறகு இங்கே அனுப்பப்பட்டது.

நான்காவது: அதில் சாலையைப் பார்க்க ஜன்னல் தேவையில்லை. காலடியிலேயே தெரியும்.

ஐந்தாவது: தலைநகரத்துக்குப் புது பஸ் வாங்கிய செலவில் சாய்ந்தமங்கலத்துக்காரன் கட்டிய வரியும் உண்டு. வரி வசூலிக்கும்போது மட்டும் எல்லாரும் ஒரே மாநிலம்.

ஆறாவது: அந்த ஒற்றை பஸ்ஸையும் நிறுத்தப் போகிறார்கள்.

போராட்டக் குழுச் செயலாளர் தவசிலிங்கம் இந்த ஆறையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எழுப்பாவிட்டாலும் சொல்வார். முப்பது வருடம் துண்டுப் பிரசுரங்களை மட்டுமே படித்து வளர்ந்த மனிதர். டீக்கடையில் சர்க்கரை குறைவு என்று சொல்ல வேண்டுமானாலும் முதலாவது அநீதியிலிருந்துதான் தொடங்குவார். டீ ஆறிவிடும்.

ஆனால் ஆறாவது அநீதி மற்றவை போல அல்ல. அது அவர் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. அவர் மனைவி செண்பகவல்லி தேரிமுக்கு நூல் மில்லில் வேலை பார்க்கிறாள். அந்த பஸ் இருந்தால்தான் மில். மில் இருந்தால்தான் அடுப்பு. போராட்டத்தில் தவசிலிங்கத்துக்கு மாலை கிடைத்திருக்கிறதே தவிர, அரிசி கிடைத்ததில்லை.

"பஸ் நின்னுச்சுன்னா நீங்கதான் என்னைத் தோள்ல சுமந்துட்டுப் போகணும்" என்றாள் செண்பகவல்லி.

தவசிலிங்கம் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கே குழுவைக் கூட்டினார்.

குழுவில் மூன்று பேர். தலைவர் பிச்சுமணி, தையற்காரர். பொருளாளர் மிக்கேல், கோழிக்கடைக்காரர். மூவரும் பஸ் பணிமனையின் கிளை மேலாளரைப் போய்ப் பார்த்தார்கள். இரண்டாவது அநீதி முடிவதற்குள் மேலாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அண்ணாச்சி, திங்கக்கிழமை பயணிகள் கணக்கெடுப்பு வாரம் ஆரம்பிக்குது. பஸ்ஸை நிறைச்சுக் காட்டுங்க. பஸ் நிக்காது. அவ்வளவுதான் விஷயம்."

திங்கட்கிழமை விடிந்ததும் பணிமனை வாசலிலேயே பஸ்ஸை நிறைத்துவிட்டார்கள். படியில் ஆள், இன்ஜின் மேல் ஆள், டிரைவர் மடியில் பிச்சுமணி. கடைத்தெரு வந்தது. இருபது பேர் இறங்க எழுந்தார்கள். தவசிலிங்கம் குறுக்கே கையை நீட்டினார்.

"யாரும் இறங்கக் கூடாது. இறங்கினா பஸ் குறையும்."

"அண்ணாச்சி, எனக்குப் பல் வலி. டாக்டரைப் பாக்கணும்."

"உன் ஒத்தைப் பல்லுக்காக ஊர் உரிமையை விட்டுக்கொடுக்கப் போறியா?"

அவன் வெட்கப்பட்டு உட்கார்ந்தான். ஒருவரும் இறங்காததால் ஒருவரும் ஏறவும் முடியவில்லை. நிறுத்தத்தில் சோற்றுத் தூக்கோடு நின்ற செண்பகவல்லியைத் தாண்டி பஸ் போனது. உள்ளேயிருந்து தவசிலிங்கம் வெற்றிக் குறியாகக் கையசைத்தார். அவளும் கையை உயர்த்தினாள், அது கையசைப்பல்ல. மில்லைத் தாண்டி, திரும்பி, மறுபடியும் மில்லைத் தாண்டி, பொழுது சாயும்வரை பஸ் நிறைந்தே ஓடியது.

ராத்திரி கணக்குப் பார்த்தால் பயணிகள்: பூஜ்யம். கூட்டத்தில் நசுங்கிய கண்டக்டர் மாடசாமிக்குக் காலை முதல் கையை வெளியே எடுக்கவே வழியில்லை. ஒரு டிக்கெட்கூடக் கிழிக்கவில்லை.

குழு கூடியது.

"கண்டக்டர் நடமாட இடம் வேணும். குறை அதுல இருக்கு" என்றார் மிக்கேல்.

"எவ்வளவு இடம் வேணும்வே?" என்றார் பிச்சுமணி.

மாடசாமியையே கேட்டார்கள். "பஸ் முழுக்க வேணும். நான் முன்னாலயிருந்து பின்னால வரைக்கும் நடக்கணும்லா?" என்றார் அவர். நியாயமாகப் பட்டது.

செவ்வாய்க்கிழமை பஸ் முழுவதும் கண்டக்டருக்கு விடப்பட்டது. அவர் முன்னாலிருந்து பின்னால்வரை சௌகரியமாக நடந்தார். பயணிகள் பஸ்ஸுக்குப் பின்னால் கட்டுக்கோப்பாக நடந்து வந்தார்கள். பஸ் வேகமாகப் போகிறது என்று ஒரு வயதானவர் குறைபட்டதால் டிரைவர் மெதுவாக ஓட்டினார். அன்றும் பூஜ்யம். செண்பகவல்லி மில்லுக்கு நடந்தே போய், நேரம் கழித்துச் சேர்ந்தாள். மேஸ்திரி அவளைப் பார்த்த பார்வையை அவள் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்து தவசிலிங்கத்தைப் பார்த்தாள்.

புதன்கிழமை பிச்சுமணி ஒரு செய்தியோடு வந்தார்.

"தலைநகரத்து பஸ்ல கண்டக்டர் எண்ணுறதில்லையாம். வாசல்ல ஒரு மெஷின் இருக்காம். ஏறினா அதுவே எண்ணிக்கிடுமாம்."

தவசிலிங்கம் எழுந்து நின்றார். "அப்ப நமக்கு மட்டும் நசுங்குற கண்டக்டர். அவங்களுக்கு நசுங்காத மெஷின்."

"மெஷினைக் கேட்டுப் போராடலாமா?"

"வரதுக்குப் பத்து வருஷம் ஆகும். நாமளே மெஷின்கிட்டப் போயிருவோம்."

மிக்கேல் யோசித்தார். "அங்க ஏறினா நம்ம ஊர்க் கணக்குல சேருமாவே?"

"ஏறுறது யாரு?" என்று கேட்டார் தவசிலிங்கம்.

"நாமதான்."

"எண்ணுறது யாரு?"

"கவர்மெண்டு."

"நாம நம்ம ஊரு. கவர்மெண்டு எல்லாருக்கும் ஒரே கவர்மெண்டு. இதுல குழப்பம் எங்க வந்துச்சு?"

குழப்பம் எங்கே வந்தது என்று மூவரும் தேடிப் பார்த்தார்கள். எங்கேயும் இல்லை.

ஒரு செங்கல் லாரியைப் பிடித்து ஊரே புறப்பட்டது. டிரைவரும் மாடசாமியும்கூட ஆதரவு தெரிவித்து லாரியில் ஏறிக்கொண்டார்கள். பஸ் வேப்பமரத்தடியில் தனியாக நின்றது. டிரைவரைப் பிடித்து இழுத்து வரலாம் என்று ஓடிவந்த செண்பகவல்லி, லாரி கிளம்பிவிட்டதால் அதில் தொற்ற வேண்டியதாயிற்று.

"ஏங்க, சனிக்கிழமை வரைக்கும் மேஸ்திரிகிட்ட லீவு சொல்லச் சொல்லி ரோட்டுல நின்னவகிட்ட கத்திட்டேன். திங்கக்கிழமை காலை ஷிப்டுக்கு மில்லு வாசல்ல நிக்கலைன்னா சீட்டைக் கிழிச்சிருவாங்க. கேக்குதா?"

"அதுக்குள்ள நம்ம ஊருக்கு பஸ்ஸா ஓடும் பாரு" என்றார் தவசிலிங்கம்.

தலைநகரத்தில் வட்டமாகச் சுற்றி வரும் ஒரு பஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். பின்வாசலில் ஏறுவது, முன்வாசலில் இறங்குவது, மறுபடியும் பின்வாசலுக்கு ஓடுவது. மெஷினுக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொருவரும் ஏறும்போது அதனிடம் குனிந்து, "சாய்ந்தமங்கலம்" என்று சொன்னார்கள். மெஷின் ஒவ்வொரு முறையும் கீச்சென்றது. ஒத்துக்கொள்கிறது என்று பிச்சுமணி விளக்கினார். தலைநகரத்துக்காரர்கள் ஏற இடமில்லாமல் ஆட்டோவில் போனார்கள். சனிக்கிழமை சாயங்காலம்வரை இப்படியே நடந்தது.

அன்றைக்கே முடிவு வந்தது. தலைநகரத்து வட்ட பஸ்ஸில் சரித்திரம் காணாத கூட்டம் என்பதால் அங்கே பன்னிரண்டு புது பஸ். சாய்ந்தமங்கலத்தில் வாரம் முழுவதும் பூஜ்யம் என்பதால் அங்கே இருந்த பஸ் ரத்து.

தவசிலிங்கம் பெரிய அதிகாரியின் அறைக்குள் நுழைந்து முதலாவது அநீதியிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் அதிகாரி சாப்பிட்டுவிட்டு வந்தார். நான்காவது நடந்துகொண்டிருந்தது.

"ஐயா, உங்களுக்கு என்ன வேணும்? ஒரே வரியில சொல்லுங்க."

குழு வராந்தாவுக்கு வந்து கலந்து பேசியது.

"ஒரு பஸ் கேப்போம்" என்றார் மிக்கேல்.

"ஒண்ணு கேட்டா ஒண்ணுதான் தருவான். அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு கேளுங்க" என்றார் பிச்சுமணி.

"மில்லுக்குப் போற பஸ்ஸுன்னு கேளுங்க" என்றாள் செண்பகவல்லி.

"ஒரே வரிதான் குடுத்திருக்கான். அதுல மில்லு பிடிக்காது" என்றார் தவசிலிங்கம்.

உள்ளே போய்ச் சொன்னார்: "சாய்ந்தமங்கலத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டும்."

அதிகாரி வரைபடத்தைப் பார்த்தார். பன்னிரண்டு புது பஸ்ஸும் வளைந்து திரும்புகிற இடத்தில், குப்பைமேட்டுக்குப் பக்கத்தில், பெயர் வைக்காத ஒரு நிறுத்தம் இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

"நாளைக்கே தரேன்."

தலைநகரத்தில் செலவழிக்க வேண்டிய காரியமென்றால் அரசாங்கம் என்றுமே தாமதித்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் பன்னிரண்டு பஸ்ஸின் நெற்றியிலும் 'சாய்ந்தமங்கலம்' என்று எழுத்து ஒளிர்ந்தது. தவசிலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடப் போராட்டத்தில் அவர் கேட்டது கேட்டபடியே கிடைத்தது அன்றுதான்.

செங்கல் லாரி போய்விட்டிருந்தது. அதனால் என்ன? ஊருக்கு பஸ்தான் வந்துவிட்டதே. எல்லாரும் ஏறினார்கள். டிக்கெட் கொடுக்க ஆள் இல்லாதது மாடசாமிக்கு மட்டும் வருத்தம். பத்தே நிமிடத்தில் பஸ் நின்றது. "சாய்ந்தமங்கலம், கடைசி நிறுத்தம்" என்றது ஒரு பெண் குரல். இறங்கினார்கள். பஸ் திரும்பிப் போய்விட்டது.

குப்பைமேட்டில் இரண்டு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

"போகும்போது ரெண்டு நாள் ஆச்சு. வரும்போது பத்து நிமிஷம். புது பஸ் புது பஸ்தான்" என்றார் பிச்சுமணி.

மிக்கேல் சுற்றிலும் பார்த்தார். "என் கோழிக்கடை எங்கவே?"

"நம்ம வீடெல்லாம் எங்க?" என்றான் பல் வலிக்காரன். கன்னம் இப்போது நன்றாக வீங்கியிருந்தது.

பிச்சுமணி வந்த வழியைக் கையால் காட்டினார். "நாம வந்தது வேகமான பஸ்ல. நாம வந்துட்டோம். வீடுங்க பின்னால வருது."

எல்லாரும் சாலையைப் பார்த்து உட்கார்ந்தார்கள். செண்பகவல்லி மட்டும் உட்காரவில்லை.

"ஏங்க, நாளைக்கு விடிஞ்சா ஷிப்டு. இது நம்ம ஊரே இல்ல. மில்லைக் காட்டுங்க பாப்போம்."

தவசிலிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. கேட்டு வாங்கிய உரிமையைச் சொந்த வீட்டிலேயே சந்தேகப்படுகிறார்கள். சாலையில் போன ஒரு போலீஸ்காரரை நிறுத்தினார். சுண்டல் வண்டிக்காரரையும் அழைத்தார். குழு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம், சாட்சிகள் நடுவில் நின்றார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நிறுத்தத்தில் புதிதாக நட்டிருந்த, பெயிண்ட் காயாத பெயர்ப்பலகைக்குக் கீழே போய் நின்றார். ஒவ்வோர் எழுத்தாக விரலை வைத்து, யாருக்கும் பிற்பாடு ஐயம் வராத குரலில், உரக்கப் படித்தார்:

"சாய்ந்தமங்கலம்."