கீபோர்டு கவர் கூட!

டப்பாவைப் பிரிச்சா டேப் இருக்கு, சார்ஜர் இருக்கு, கீபோர்டைக் காணோம்!

கடை கவுண்டர் மேலயே வெச்சுப் பிரிச்சோம். என் தங்கச்சி மௌனிகா டப்பாவைக் கவுத்துத் தட்டுறா, உள்ள இருக்கற அட்டையைப் பிச்சு எடுக்குறா, மெல்லிசா ஒரு காயிதம் வந்து விழுந்துச்சு. அவ்வளவுதான். அவ மூஞ்சி அப்படியே வெளிறிப் போச்சு.

ஏன்னா மத்தியானம் அவளுக்கு டெஸ்ட். வீட்டுல இருந்தே எழுதணும். வீடியோ ஓட ஓட அதுல பேசுறதைத் தமிழ்ல அடிச்சுக்கிட்டே போகணும், பாஸானா சப்டைட்டில் கம்பெனில வேலை. லேப்டாப்போ போன வாரம் ரசம் குடிச்சுச் செத்துப்போச்சு. ஸ்க்ரீன் கண்ணாடியைத் தட்டித் தட்டி அந்த வேகம் வராது. போன்ல அடிச்சுப் பாத்தா. இவ ‘வணக்கம்’ முடிக்கறதுக்குள்ள வீடியோல இருந்த ஆளு ‘நன்றி’ சொல்லிட்டான்.

அதனாலதான் ஈரோடு பூரா சுத்தி இந்தக் கடைக்கு வந்தோம். வாசல்ல மார்க்கர்ல கொட்டை எழுத்துல போர்டு: ‘டேப் விலை இவ்வளவுதான்! கீபோர்டு கவர் கூட!’ கவருக்குள்ளயே கீபோர்டு இருக்கும், டேப்பை அதுல நிக்க வெச்சு அடிக்கலாம்.

கடைக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சிகிட்ட மௌனிகா கேட்டா, “அண்ணாச்சி, கீபோர்டு எங்க?”

“அது கூடல்லா?”

“ஆமாங்க, கூடத்தான். குடுங்க.”

“கூடன்னுதானம்மா நானும் சொல்லுதேன்.”

“கூடன்னா குடுங்கங்கறேன்!”

நான் நடுவுல பூந்து, “ரெண்டு பேரும் ஒரே வார்த்தையத்தான் சொல்றீங்க, அப்புறம் ஏன் சண்டை?”ன்னேன். அப்புறந்தான் வெளங்குச்சு. அண்ணாச்சிக்கு ஊரு சங்கரன்கோவில் பக்கம். “எங்கூருல கூடன்னா அதிகம்லா. துட்டு கூட ஆவும்னா சும்மாவா தருவாவ? டேப் இந்த வெல, கவர் வேணும்னா துட்டு கூட. நேரா எழுதிருக்கேன், ஒளிக்கலியே!”

மனுசன் ஏமாத்தல. நெசமாவே அப்படி நெனச்சுத்தான் எழுதியிருக்கார், மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

“நீங்க கடை போட்டது எங்கூருலங்க. இங்க கூடன்னா சேத்து. டீ கூட பன்னு குடுப்பாங்களே, அந்தக் கூட!”

“பன்னுக்கு டீக்கடைக்காரன் தனிக் காசு வாங்கலியா?”

நான் சிரிச்சுட்டேன். மௌனிகா மொறச்சா. நிறுத்திட்டேன்.

உடனே பிடிச்சுக்கிட்டா பாருங்க, “அப்ப போர்டுல ‘தனி’ன்னு எழுத வேண்டியதுதானே? வாங்குறவங்களுக்கு எப்படிப் புரியுதோ அதானுங்க கணக்கு!”

அண்ணாச்சி வாசலுக்குப் போய்ப் போர்டை ஒருக்கா படிச்சுட்டு வந்தார். “சரிம்மா. ஒன் பக்கமே நியாயம்னு வச்சுக்கிடுவோம். தாரேன். ஆனா எங்க இருக்கு? இருந்தது ஒரே பீசு. அது அந்தா, அவிய கையில.”

திரும்பிப் பாத்தா, பக்கத்து ஸ்டூல்ல சென்னியப்பன்னு ஒருத்தர். கவரைக் கக்கத்துல இடுக்கிட்டு, கையில பில்லோட, எங்க சண்டையை டிவி பாக்கற மாதிரி பாத்துட்டு உக்காந்திருக்கார்.

“ஐயா, டைப் பண்ணவா வாங்குறீங்க?”

“அதெல்லாம் நமக்கெதுக்கு அம்மிணி? டேப்பை நிக்க வெச்சுப் பட்டிமன்றம் பாக்கோணும்.”

“அதுக்கு சும்மா ஸ்டாண்டு போதுமுங்களே! எனக்கு இது வேலைங்க. வேற ப்ளூடூத் கீபோர்டும் எந்தக் கடையிலயும் கெடைக்கல.”

அவர் நிதானமா சொன்னார், “நானும் போன வாரம் இதே போர்டைப் பாத்துட்டுத்தான் இங்க டேப் வாங்குனேன். இதே டேப்புதான். வீட்டுக்குப் போய்ப் பிரிச்சாக் கவரு இல்ல. சரி, தனியாட்ட இருக்குதுன்னு இன்னைக்கு வந்து காசு குடுத்து வாங்கிட்டேன்.”

அண்ணாச்சி, “ஒங்க துட்டைத் திருப்பித் தாரேன், அந்தப் பிள்ளைக்குக் குடுத்துருங்க”ன்னார்.

“பில்லுப் போட்டாச்சுங்க” அப்படின்னு அவர் கவரை இன்னும் இறுக்கி இடுக்கிட்டார்.

கடிகாரம் ஓடுது. அண்ணாச்சி சொல்ற ‘கூட’வா, மௌனிகா சொல்ற ‘கூட’வா? தேவைப்படறவ ஒருத்தி, காசு குடுத்தவர் ஒருத்தர். இங்கயே கொஞ்சம் நில்லுங்க, கீழ படிக்காதீங்க. இருக்கறது ஒரே கவர். அது யாருக்கு?

சரி, சொல்லிடறேன். சென்னியப்பனுக்குத்தான். கூடன்னா ‘காசு அதிகம்’னு வெச்சா, அந்தக் காசைக் குடுத்தது அவரு. கூடன்னா ‘சேத்து’ன்னு வெச்சா, ஒரு வாரம் முன்னாடியே அவருக்கு வந்து சேந்திருக்க வேண்டியது! மௌனிகா எவ்வளவு நல்லா வாதாடுறாளோ, கவர் அவ்வளவுக்கு அவர் பக்கம்தான் போகுது. அண்ணாச்சி அவர் காசையும் திருப்பித் தரணும், சரக்கு வந்ததும் மௌனிகாவுக்கும் ஒண்ணு தரணும், போர்டையும் மாத்தி எழுதணும். ஆனா டெஸ்ட் இன்னைக்காச்சே! அப்ப அவ கேக்க வேண்டியது அண்ணாச்சிகிட்ட நியாயம் இல்ல, சென்னியப்பன்கிட்ட இரவல்.

கேட்டா. அவர் கவரைப் பாத்தார், இவளைப் பாத்தார். “கவரைத் தனியா அனுப்ப மாட்டேன் அம்மிணி. நானும் கூட வருவேன்.”

இந்தக் ‘கூட’வுக்கு யாரும் அர்த்தம் கேக்கல.

இப்ப எங்க வீட்டு உள் ரூம்ல மௌனிகா டடடடன்னு அடிச்சுட்டு இருக்கா. வெளிய நானும் அவரும். சத்தம் நின்னா ரெண்டு பேரும் கதவைப் பாக்குறோம், மறுபடி கேட்டா மூச்சு விடுறோம். அந்த டென்ஷன்லதான் இதை போன்ல தட்டிட்டு இருக்கேன். இருங்க, அவருக்கு டீ ஊத்திக் குடுத்துட்டு வரேன்... ம், சொல்லுங்க, நீங்களும் டப்பாவைக் கவுத்துத் தட்டிப் பாத்திருக்கீங்களா?