கேட்டைத் திற!

புதுமனை புகுவிழாவுக்கு வந்த சொந்தக்காரர்களிடம் முதலாளி பாலகங்காதரன் தன் பங்களாவின் தானியங்கி கேட்டைக் காட்டினார்.

"என் குரலுக்கு மட்டும்தான் திறக்கும்! இனிமே வாட்ச்மேன் எதுக்கு? யோவ் மாசானம், நாளையிலேருந்து வராதே."

அஸ்திவாரம் தோண்டிய நாளிலிருந்து அங்கே காவல் இருந்தவர் மாசானம்.

"நான் திறந்துட்டா, சார்?"

"தொடாம திறய்யா பாப்போம்! ஆயுசுக்கும் உனக்கு இங்கதான் வேலை!"

கூட்டமே சிரித்தது. மாசானம் செல்போனை எடுத்தார். முதலாளி காரில் வரும்போதெல்லாம் தனக்கு அனுப்பும் வாய்ஸ் மெசேஜ்களில் ஒன்றை, கேட்டருகே சத்தமாக ஓடவிட்டார்.

"தூங்குமூஞ்சி! எங்கய்யா போய்த் தொலைஞ்சே? கேட்டைத் திற!"

கேட் பணிவாகத் திறந்தது. சிரிப்பு அப்படியே முதலாளி பக்கம் திரும்பியது.

"சரி சரி, வேலையில இருந்துக்கோ" என்று முணுமுணுத்தார்.

"அதையும் ஒரு வாய்ஸ் மெசேஜா அனுப்பிடுங்க, சார்!"