மடையான் தன் வெள்ளையை மறைத்த கதை

அந்தக் காலத்தில் கொக்கும் ஆமையும் சிலந்தியும் ஒரே பேச்சுப் பேசின. மேலக்குளத்தில் தினமும் பொழுது சாயும்போது அவை நிழல்படம் காட்டும். இலையில் வெட்டிய உருவங்களைச் சிலந்தி நூல் கட்டி இழுக்கும். அவை கரைப் பாறையில் நிழலாக நடக்கும், ஓடும், நீந்தும். ஆமை கதை சொல்லும். தினம் ஒரு பாகம். குளத்துக் குஞ்சு குட்டிகள் எல்லாம் இடம் பிடித்து உட்கார்ந்துவிடும்.

கதையின் நாயகன் நீர்க்காவலன். அந்த வேடத்துக்கு மட்டும் இலை உருவம் கிடையாது. மடையோரம் குடியிருந்த மடையான் என்னும் கொக்கே நேரில் வந்து சிறகை விரிப்பான். அப்போது அவன் உடம்பு முழுக்க வெள்ளை. "மடையைத் தொடாதே, கோடைக்கு இதுதான் தண்ணீர்" என்று அவன் சொன்னால் தவளைக் குட்டிகளும் கூடவே கத்தும்.

பங்குனியில் தண்ணீர் இறங்கியது. மீன்கள் நடுக்குளத்துக்குப் போய்விட்டன. இரண்டு நாளாக மடையானுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"படத்துல அவ்வளவு பேசுறீங்க. வீட்டுக்கு ஒரு கெண்டைக்கு வழியில்ல" என்று சிரித்தாள் அவன் மனைவி.

மறுநாள் விடிந்ததும் மடைவாயை அடைத்திருந்த வைக்கோலில் ஒரு கொத்தை அலகால் உருவினான். ஒரே ஒரு கொத்து. தண்ணீர் பீச்சியது. கூடவே மீன்கள் அவன் காலடியில் வந்து விழுந்தன. வயிறு முட்டத் தின்றான். மனைவிக்கும் கொண்டுபோனான்.

"எங்க பிடிச்சீங்க?"

"ஓடையில."

ஓடை தை மாதமே வற்றிவிட்டது. அது தெரிந்தும் அவள் தின்றாள்.

அவன் திரும்பி வந்தபோது மீதி வைக்கோலையும் தண்ணீர் அடித்துக்கொண்டு போயிருந்தது. மார்பால் முட்டுக்கொடுத்துப் பார்த்தான். நிற்கவில்லை. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் யார் திறந்தது என்று கேட்பார்களே என்று வாயை மூடிக்கொண்டான்.

உச்சிப்பொழுதில் குளம் வெறும் சேறு. கால் முளைக்காத தலைப்பிரட்டைகள் துடித்து அடங்கின.

ஆமை வந்து பார்த்தது. "நண்டு வேலையா இருக்கும்" என்றது.

தப்பிப் பிழைத்த தவளைக் குட்டி ஒன்று சேற்றிலிருந்து ஏறி வந்தது. "காவல் மாமா, திறந்தவனைப் பிடிச்சுடுவீங்கதானே?" அதன் குரலில் கேலி இல்லை.

மடையானுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "நான்தான் திறந்தேன்" என்றான்.

குட்டி சிரித்தது. "இது அடுத்த பாகமா மாமா?"

ஆமை சிரிக்கவில்லை. அவனை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

மடையான் சேற்றில் இறங்கினான். கழுத்திலும் முதுகிலும் மார்பிலும் அள்ளி அள்ளி அப்பிக்கொண்டான். பக்கத்தில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. மனைவி.

"நீ எதுக்கு?"

"தெரிஞ்சுதானே தின்னேன்" என்று சொல்லி அவளும் சேற்றை அப்பிக்கொண்டாள்.

மடக்கிய சிறகுக்குள் மட்டும் சேறு எட்டவில்லை. மடையான்கள் கழுத்தைத் தோளுக்குள் ஒடுக்கிக்கொண்டு சேற்றோடு சேறாக நிற்பது அன்று முதல்தான். ஆள் நெருங்கிவிட்டால் வேறு வழியில்லாமல் பறக்கும். அந்த நேரம் வெள்ளைச் சிறகு பளிச்சென்று தெரியும். கொஞ்சதூரம்கூடப் போகாது. இறங்கிய உடனே மூடிக்கொள்ளும்.