மண்ணைக் கூடவே கொண்டுபோன கறையான்

முதலில் வாக்குக் கொடுத்துவிட்டுத் தவறியவன் செம்பன். அவன் பேரைச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க எனக்கு மனசு வரவில்லை. இலையைத் தைத்துக் கூடு கட்டுகிற முசுறு எறும்புகளுக்கு அவன் தலைவன்.

பூச்சிகள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில் கறையான்கள் வெட்டவெளியில் தலைநிமிர்ந்து நடந்தன. திமிரும் இருந்தது. அடுத்தவர் மரத்தையெல்லாம் தின்றன. முசுறுகளும் கட்டெறும்புகளும் சேர்ந்து படையெடுத்து அவற்றைத் தோற்கடித்தன. அதில் நான் குறை சொல்லவில்லை. காயம் ஆறும்வரை காவலிருப்போம், பிறகு புற்று உங்களுடையது என்றான் செம்பன். கட்டெறும்புத் தலைவன் கரியனும் தலையாட்டினான்.

ஆனால் அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கிடைத்ததெல்லாம் பொதுவில் சேர வேண்டும் என்பது செம்பன் கட்சி. எடுத்தவனுக்கே சொந்தம் என்பது கரியன் கட்சி. தோற்ற புற்று யார் வழியில் வாழ்வது என்று சண்டை வந்தது. கடைசியில் புற்றின் நடுவே ஒரு கோடு கிழித்தார்கள். தாண்டினால் தலை போகும் என்றார்கள். கறையான்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குஞ்சுகள் கரியன் பக்கம் மாட்டிக்கொண்டன. அவை தின்னும் காளான் தோட்டம் செம்பன் பக்கம் போய்விட்டது. குஞ்சுகளை வளர்க்கும் வெள்ளாயி என்ற கறையான் இரண்டு காவலர்களிடமும் கெஞ்சிப் பார்த்தாள். பிள்ளைகளோடு எங்கள் வழிக்கு வந்துவிடு என்றான் முசுறு. தோட்டத்தைத் தூக்கிக்கொண்டு வாயேன் என்று சிரித்தான் கட்டெறும்பு. குஞ்சுகள் பசியில் சுருளத் தொடங்கின.

வெள்ளாயி தன் பக்கத்து மண்ணை எச்சிலில் குழைத்து, காலுக்குக் கீழும் தலைக்கு மேலும் அப்பினாள். கொஞ்சம் நடந்தாள். மறுபடி மண் கொண்டுவந்து அப்பினாள். அந்த மண்கூடு கோட்டைத் தாண்டி நீண்டது.

முசுறுக் காவலன் ஓடிவந்தான். "ஏய், எங்க எல்லைக்குள்ள வந்துட்ட."

"நான் எங்கண்ணே வந்தேன்?" என்றாள் உள்ளேயிருந்து. "இது கரியன் பக்கத்து மண். அதுக்குள்ளதான் நடக்கிறேன்."

அவன் உடைக்கக் காலை ஓங்கினான். எதிர்ப் பக்கத்துக் கட்டெறும்பு சொன்னான், "எங்க மண்ணைத் தொட்டா அது படையெடுப்பு. யோசிச்சுத் தொடு."

"உங்க மண் எங்க ஊருக்குள்ள வந்திருக்கே, அதுக்கு என்ன பேரு?" என்றான் முசுறு.

தலைவர்களைக் கேட்டுவர இருவரும் ஆள் அனுப்பினார்கள். பதில் வருவதற்குள் வெள்ளாயி காளானோடு திரும்பிக் குஞ்சுகளுக்கு ஊட்டிவிட்டாள்.

பகையாளி யாருமில்லாத சுவரில்கூட கறையான் மண்கூட்டுக்குள்ளேயே ஏறுவதும், நாம் உடைத்தால் மற்ற வேலையை விட்டுவிட்டு அதை அடைப்பதும் அன்றைக்குப் பிறகுதான். செம்பன் ஆட்களும் கரியன் ஆட்களும் இன்றும் புற்றைச் சுற்றித்தான் திரிகிறார்கள். காயமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. புற்றை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.